கையால் எழுதும் ஆளுக்கு லோகோ: யார் சொல்வதைக் கேட்பது?

சாரத்து_மேலே எழுதியது:

வணக்கம். கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் விருதுநகர் பக்கம். கடைப் பலகை எழுதும் குடும்பம். அப்பா இன்னும் எனாமலில் எழுதுகிறார். நான் விஸ்காம் முடித்து, சென்னையில் ஒரு விளம்பர நிறுவனத்தில் கொஞ்ச காலம் கணினி முன்னால் உட்கார்ந்துவிட்டு, இப்போது ஊருக்கே வந்து அப்பாவோடு சாரத்தில் ஏறுகிறேன். சுவர் எழுத்து, கடைப் பலகை, அப்புறம் புத்தக அட்டைக்குத் தலைப்பு, கல்யாணப் பத்திரிகைக்குப் பெயர் எழுதுவது.

ஃப்ளெக்ஸ் வந்து இந்தத் தொழிலை என்ன செய்தது என்று எல்லாருக்கும் தெரியும். ஆனால் இப்போது காபிக் கடை, கைத்தறிக் கடை, செக்கு எண்ணெய்க் கடை வைப்பவர்கள் கையால் எழுதிய பலகைதான் வேண்டும் என்று தேடி வருகிறார்கள். மதுரை, கோயம்புத்தூரிலிருந்துகூடக் கேட்கிறார்கள். முதலில் இன்ஸ்டா ஐடி கேட்பார்கள், அடுத்தது "கார்டு இருக்கா?" அப்பாவுக்குக் கார்டே கிடையாது. எழுதிய பலகையின் வலது கீழ் மூலையில் பெயரைப் போடுவார், அதுதான் கார்டு. எனக்கு அது போதாது. அதனால் எனக்கென்று ஒரு அடையாளம் வரைய உட்கார்ந்தேன்.

பெயரை இங்கே போடவில்லை. இனிஷியல் ‘கு’, பெயர் ‘ம’வில் தொடங்கும், அது போதும்.

மூன்று விதமாக வரைந்திருக்கிறேன். ஒன்று அப்பா பாணி: முழுப் பெயரும் தடித்த எழுத்தில், பக்கவாட்டில் நிழல் கொடுத்து, பின்னால் ஒரு பாலெட், அதில் சொருகிய தூரிகை. எங்கள் பக்கம் ‘ஆர்ட்ஸ்’ என்று முடிகிற கடைகளில் பாதிக்கு இதுதான் சின்னம். இரண்டாவது, கு, ம இரண்டையும் ஒரே தடிமனில், வட்டமும் நேர்கோடுமாகக் கணினியில் வரைந்தது. கறுப்பு வெள்ளை. மூன்றாவது, அதே இரண்டு எழுத்தையும் பட்டைத் தூரிகையால் எழுதி ஸ்கேன் செய்தது. நீலத்தில் எழுத்து, சிவப்பில் அடிக்கோடு.

இதைக் கேட்கத் தொடங்கியதும்தான் தலைவலி ஆரம்பம்.

கூடப் படித்தவர்களுக்கு இரண்டாவதுதான் பிடித்தது. ‘க்ளீன்’, ‘ப்ரொஃபஷனல்’ என்றார்கள். இனிப்புக் கடை வைத்திருக்கும் அண்ணாச்சி ஒருவர் அதே இரண்டாவதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "ஃப்ளெக்ஸ் அடிச்சுத் தர்றீங்களாம்மா?" என்றார். சித்தப்பா பெயரைக் கூட்டிப் பார்த்து எண் சரியில்லை, ஒரு எழுத்து கூடுதலாகச் சேர்க்க வேண்டும், பச்சை மட்டும் ஆகவே ஆகாது என்றார். பச்சை எதிலுமே இல்லை. சென்னையில் ஒரு டிசைன் ஸ்டூடியோவில் இருக்கும் தெரிந்தவர் போனில் பார்த்துவிட்டு, "வேலை நல்லா இருக்கு, ஆனா இந்த லோகோ எதுவும் அந்த வேலையைச் செஞ்ச ஆளோடது மாதிரி இல்ல" என்றார்.

அப்பா மூன்றையும் மேசைமேல் நிறுத்தி வைத்துவிட்டு வாசல்வரை போய், அங்கிருந்து திரும்பிப் பார்த்தார். மூன்றாவதைக் காட்டி, "இதுல கு சுழி அடைபடுது" என்றார். எது நல்லா இருக்கு என்று கேட்டால், "உன் பேரு, நீ பாரு." அவ்வளவுதான்.

இப்போது நான் கேட்பது: இதில் எதை எடுத்துக்கொள்வது, எதை விடுவது? எல்லாரும் ஒவ்வொரு திசையில் இழுக்கிறார்கள். அடுத்த முறை காட்டும்போது வேறு மாதிரிக் கேட்க வேண்டுமா? இன்னொன்று, நான் கையால் எழுதுகிற ஆள். ஒவ்வொரு பலகையிலும் கையெழுத்து கொஞ்சம் மாறத்தான் செய்யும். லோகோ என்றால் எங்கும் அச்சு அசலாக ஒரே மாதிரி இருந்தாக வேண்டுமா?

டபுள்கலர் எழுதியது:

சகோதரி, நான் சிவகாசியில் ஆஃப்செட் பிரஸ்ஸில் இருக்கிறேன். அழகு பற்றி எனக்குத் தெரியாது. மெஷினில் ஏறினால் என்ன ஆகும் என்று மட்டும் சொல்கிறேன்.

உங்கள் அப்பா சொன்னதை முதலில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். சுழிக்குள் இருக்கிற வெள்ளை இடம் சின்னதாக இருந்தால், மை கொஞ்சம் பரவினாலும் மூடிவிடும். சாதாரண மேப்லித்தோ தாளில் ஆர்ட் தாளைவிட அதிகமாகப் பரவும். ரப்பர் ஸ்டாம்ப் செய்தால் இன்னும் மோசம். பில் புத்தகத்துக்கும் கூரியர் கவருக்கும் ஸ்டாம்ப் கட்டாயம் செய்வீர்கள். அதனால் சின்ன அளவுக்கென்று சுழியைத் திறந்துவிட்டு தனியாக ஒன்று வரைந்து வைத்துக்கொள்ளுங்கள். ஒரே படத்தைச் சுருக்கி எல்லா இடத்துக்கும் போடக் கூடாது.

நீலம் என்றீர்கள். ஸ்கிரீனில் பார்க்கும் நீலம் நான்கு வண்ண அச்சில் ஊதாவாக வந்து நிற்கும், கஸ்டமர் எங்களிடம் சண்டைக்கு வருவார். நீலத்தை உண்டாக்கும் இரண்டு மைகளான சியானுக்கும் மெஜந்தாவுக்கும் நடுவில் 30 சதவீதமாவது இடைவெளி விடுங்கள். சியான் 100 என்றால் மெஜந்தா 70ஐத் தாண்ட வேண்டாம். போன் நம்பர் மாதிரி சின்ன எழுத்துக்கு வெறும் கறுப்பு மட்டும் கொடுங்கள். நான்கு கலரும் சேர்த்த கறுப்பில் கொடுத்தால், தட்டு ஒரு மயிரிழை நகர்ந்தாலும் எழுத்தைச் சுற்றிக் கலர் பிசிறு தெரியும்.

ஃபைலை அவுட்லைன் போட்டு, அதாவது எழுத்தையெல்லாம் வரைந்த கோடாக மாற்றி அனுப்புங்கள். எங்கள் பக்கம் பல டிடிபி சிஸ்டங்களில் இன்னும் யூனிகோடு இல்லாத பழைய ஃபான்ட்தான் ஓடுகிறது. நீங்கள் அனுப்பும் தமிழ் இங்கே திறந்தால் கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் கிடக்கும்.

எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே கலரில் போட்டுப் பாருங்கள். கறுப்பு மட்டும் வைத்து நிற்காத லோகோ, கலர் போட்டாலும் நிற்காது. இது எங்கள் மெஷின்மேன் சொல்வது. அப்புறம், பேருக்குப் பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர் போட்ட குறியை அழகுக்காகப் போட்டுவிடாதீர்கள். டிரேட்மார்க் பதிவு செய்யாமல் அதைப் போடுவது சட்டப்படி தப்பு. நிறையப் பேர் கேட்டு வாங்கிப் போடுகிறார்கள், அதனால் சொல்கிறேன்.

வெள்ளைத்தாள் எழுதியது:

நான் சென்னையில் பிராண்டிங் வேலை பார்க்கிறேன். உங்கள் கேள்வியிலேயே நல்ல பின்னூட்டமும் கெட்ட பின்னூட்டமும் கலந்து கிடக்கிறது. பிரித்துப் பார்க்கலாம்.

அண்ணாச்சி கேட்ட கேள்விதான் உங்களுக்குக் கிடைத்ததிலேயே விலை உயர்ந்தது. அவர் கருத்தே சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். கார்டைப் பார்த்தார், என்ன தொழில் என்று ஊகித்தார், அந்த ஊகம் தப்பாக இருந்தது. பலகைக்குக் காசு கொடுக்கிற ஆள் அவர். அவர் கண்ணில் இரண்டாவது லோகோ உங்களை உங்கள் போட்டியாளரின் கடைக்குள் கொண்டுபோய் உட்கார வைத்துவிட்டது. கூடப் படித்தவர்கள் ‘க்ளீன்’ என்றது பொய்யில்லை. ஆனால் அவர்கள் ஒரு டிசைனருக்கான லோகோவாக அதைப் பார்த்து மார்க் போட்டிருக்கிறார்கள். அவர்கள் யாரும் உங்களிடம் பலகை எழுதி வாங்கப் போவதில்லை.

அப்பா செய்தது அடுத்த ரகம். எழுந்து தூரம் போனார். பலகை எங்கிருந்து படிக்கப்படுமோ அங்கிருந்து பார்த்தார். ஸ்டூடியோ நண்பர் சொன்னதும் உண்மையான நோய்தான், மருந்து மட்டும் சொல்லவில்லை. அதுவும் நல்லதே. சித்தப்பா நோயைச் சொல்லாமல் நேராக மருந்துக்குப் போய்விட்டார். அவருக்கு ஒரு காபி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

அடுத்த முறை "எப்படி இருக்கு?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் தெரிந்தவர்கள் மனம் நோகாமல் எதையாவது சொல்வார்கள். ஐந்து விநாடி காட்டுங்கள், எடுத்துவிடுங்கள். பிறகு இரண்டே கேள்வி: இவங்க என்ன வேலை செய்றவங்க? என்ன பார்த்தது ஞாபகம் இருக்கு? பதிலை அவர்கள் வாயில் வந்த வார்த்தையிலேயே குறித்துக்கொள்ளுங்கள், நீங்கள் விளக்கம் சொல்லத் தொடங்கிவிட்டால் அந்த ஆள் வீண். வாட்ஸ்அப் குழுவில் போட்டு வோட்டு கேட்பதும் வேண்டாம். முதலில் பதில் போட்டவர் பின்னால் மற்றவர்கள் போய்விடுவார்கள்.

கூட்டத்தின் சத்தத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதற்கு ஒரு கதை உண்டு. 2010 அக்டோபரில் அமெரிக்க ஆடை நிறுவனம் கேப் நீலச் சதுரத்துக்குள் பெயர் எழுதிய தன் பழைய லோகோவை எடுத்துவிட்டுப் புதிதாக ஒன்றை விட்டது. இணையத்தில் திட்டு மழை. உடனே "நீங்களே ஐடியா கொடுங்கள்" என்று பொதுமக்களைக் கேட்டார்கள், அதற்கும் திட்டு. சுமார் ஒரு வாரத்தில் பழைய லோகோவுக்கே திரும்பினார்கள். எதிர்முனையில் அமெரிக்க லோகோ வடிவமைப்பாளர் பால் ராண்ட். 1986இல் ஸ்டீவ் ஜாப்ஸின் நெக்ஸ்ட் கம்பெனிக்கு லோகோ போட்டார், கூலி 1,00,000 டாலர், காட்டியது ஒரே ஒரு லோகோ. வேறு மாதிரிகள் தர மாட்டேன் என்று முன்பே சொல்லிவிட்டார். ஆனால் அந்த ஒன்றுக்கு எப்படி வந்து சேர்ந்தேன் என்று ஒரு சின்ன புத்தகமே செய்து கொடுத்தார். நமக்கு அந்தக் கூலி வரப்போவதில்லை, ஆனாலும் மூன்றைப் பரப்பி வைத்து "எது வேணும்?" என்று கேட்பதைவிட, ஒன்றை வைத்து "இதில் என்ன தெரிகிறது?" என்று கேட்பதுதான் எனக்குப் பலன் தந்திருக்கிறது.

இப்போது உங்கள் கடைசிக் கேள்வி, எனக்குப் பிடித்ததும் அதுதான். ஒரே மாதிரி இருக்க வேண்டுமா? ஜெர்மன் ஓவியர் ஆல்பிரெக்ட் டியூரரைப் பாருங்கள். நியூரம்பெர்க்கில் பொற்கொல்லர் மகன், அப்பாவிடம் தொழில் கற்றவர். பெரிய ஆங்கில ‘A’வின் கால்களுக்கு நடுவில் ‘D’, இதுதான் அவர் முத்திரை. ஒவ்வொரு படத்திலும் அளவும் அகலமும் மாறும், சில இடங்களில் ஒரு சின்னப் பலகையில் எழுதித் தொங்கவிட்டதுபோல இருக்கும். ஆனாலும் யாரும் குழம்பியதில்லை. மார்க்அந்தோனியோ ராய்மொண்டி என்ற இத்தாலிய அச்சு ஓவியர் அந்தப் படங்களை முத்திரையோடு சேர்த்தே நகல் எடுத்தார். டியூரர் வெனிஸில் புகார் செய்தபோது, படத்தை நகலெடுப்பதை அந்த ஊர் ஆட்சியாளர்கள் தடுக்கவில்லை, முத்திரையைப் போடக் கூடாது என்று மட்டும் உத்தரவிட்டார்கள் என்று ஓவியர்களின் வாழ்க்கை வரலாறு எழுதிய வசாரி எழுதியிருக்கிறார்.

அதனால் எது மாறக் கூடாது என்று மட்டும் முடிவு செய்யுங்கள். எழுத்துகளின் வரிசை, சாய்வு, ஒன்றுக்கொன்று இருக்கும் இடைவெளி, பலகையில் எந்த மூலை, எந்த நிறம். தூரிகை எங்கே தடிக்கிறது, எங்கே காய்கிறது என்பது அன்றன்றைக்கு எப்படி வருகிறதோ வரட்டும். கார்டுக்கும் இன்ஸ்டாவுக்கும் எழுதியதில் நல்லதாக ஒன்றை வெக்டர் செய்து (எவ்வளவு பெரிதாக்கினாலும் உடையாத கோட்டு வடிவம்) நிரந்தரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

என் கருத்தில் மூன்றாவதுதான் உங்களுடையது. நிறத்தைக் கணினியில் தேடாதீர்கள். உங்கள் வீட்டு எனாமல் டப்பாவிலிருந்து எடுங்கள். எழுத்துக்கு நடுவில் ஒரு புள்ளி மிதக்க விட்டால் கண்ணுக்கு ஒரு பிடி கிடைக்கும் என்று தோன்றுகிறது.

பழைய_டிராயிங்_மாஸ்டர் எழுதியது:

ஏம்மா, இவ்வளவு பேச்சு எதற்கு? பத்திரிகை ஓவியர்கள் கோபுலுவும் சில்பியும் லோகோவா வைத்திருந்தார்கள்? படத்தின் ஓரத்தில் ஒரு கையெழுத்து. கோபாலன் கோபுலு ஆனார், ஸ்ரீனிவாசன் சில்பி ஆனார், படத்தைப் பார்த்தே யார் வரைந்தது என்று ஊர் சொன்னது. நீ நாலு நல்ல பலகை எழுதி அதைப் படம் எடுத்துப் போடு. கார்டு தானாக அமையும்.

இன்னொன்று. மேலே ஒருவர் புள்ளியை மிதக்க விடச் சொல்கிறார். தமிழில் புள்ளி மிதக்காது. ‘ம’வின் தலைக்கு மேல் போனால் ‘கும்’ என்று படிப்பான். இனிஷியல் புள்ளி என்றால் எழுத்து நிற்கிற கோட்டில் உட்கார வேண்டும்.

வெள்ளைத்தாள் எழுதியது:

மாஸ்டர், புள்ளி விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. ஆனால் கோபுலுவின் கையெழுத்தைப் பத்திரிகை வாரா வாரம் ஊரெல்லாம் கொண்டு சேர்த்தது. இவருக்கு அந்தப் பத்திரிகை இல்லை, ஒரு கார்டும், வாட்ஸ்அப், இன்ஸ்டாவில் வைக்கிற ஒரு வட்டப் படமும்தான் இருக்கிறது.

சாரத்து_மேலே எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. கொஞ்சம் தாமதமாக வருகிறேன், நடுவில் சாத்தூரில் ஒரு சுவர் வேலை.

மூன்றாவதை மட்டும் எடுத்துக்கொண்டேன். நிறத்துக்கு நேராக டப்பாவைத் திறந்தேன்: ஆக்ஸ்ஃபோர்ட் ப்ளூவில் எழுத்து, பி.ஓ. ரெட்டில் புள்ளி. எனாமல் வாங்கியவர்களுக்கு இந்தப் பெயர்கள் தெரிந்திருக்கும். சுழியை அப்பா சொன்ன மாதிரி திறந்தேன். திறந்தேன் என்றால், அதுவரை பட்டைத் தூரிகையை ஒரே கோணத்தில் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தேன். வளைவுக்குள் நுழையும்போது தூரிகையைத் திருப்பி விளிம்பால் இழுத்தால் உள்ளே வெளிச்சம் வருகிறது. அப்பா பலகையில் எப்போதும் அப்படித்தான் செய்கிறார். காகிதத்தில் எழுதுவதால் எனக்கு அந்தத் திருப்பம் தேவைப்படாமல் இருந்தது. அதனால் காகிதத்தை விட்டுவிட்டு ஒரு தகரத் துண்டில் எழுதி, தெருவின் எதிர்ப்பக்கம் சாய்த்து வைத்துப் படம் எடுத்தேன்.

அதைத்தான் காட்டினேன், ஐந்து விநாடி கணக்கில். டீக்கடை, மருந்துக்கடை, பத்திரிகை அடிக்கிற இடம், இன்ஸ்டாவில் வேலை கேட்டு வந்தவர்கள். என்ன தொழில் என்பதற்கு "போர்டு எழுதுறவங்க", "பெயின்ட்டர்" என்றே பெரும்பாலும் வந்தது. அந்தச் சந்தேகம் தீர்ந்தது. ஆனால் யாரும் எதிர்பார்க்காத வேறொன்று வந்தது. புள்ளி இல்லாத மாதிரியைப் பார்த்தவர்கள் "குமார்னு யாரு?" என்று கேட்டார்கள். கு, ம இரண்டையும் ஒட்டி எழுதினால் கண் தானாக ‘ார்’ சேர்த்துக்கொள்கிறது! எத்தனை குமார் இருக்கிறார்கள் நம் ஊரில். ஸ்டூடியோக்காரர்களோ, கூடப் படித்தவர்களோ, நானோ இதைக் கவனிக்கவே இல்லை.

மாஸ்டர் சொன்னபடி புள்ளியை எழுத்து நிற்கிற கோட்டில் உட்கார வைத்தேன். வட்டப் புள்ளி இல்லை, தூரிகையை ஒரு முறை அழுத்தி எடுத்தால் விழுகிற சதுரம். சிவப்பு. கறுப்பில் அச்சடித்தாலும் தெரிகிற அளவுக்குப் பெரிதாக வைத்திருக்கிறேன். அதற்கு அப்புறம் குமார் வரவில்லை. "கு. ம. யாரு?" என்றுதான் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல நான் தயார்.

கார்டில் தமிழ் மேலே, ஆங்கிலம் கீழே. அளவுக்கு ரொம்ப யோசிக்கவில்லை. கடைப் பலகைக்குத் தமிழ், ஆங்கிலம், பிற மொழி 5:3:2 என்று ஒரு கணக்கு உண்டு, சாரத்தில் நூல் அடிக்கும்போதே அதைப் பிரித்துத்தான் கோடு போடுவோம். அதையே கார்டுக்கும் எடுத்துக்கொண்டேன், தமிழ் 5, ஆங்கிலம் 3. ஆங்கிலம் சின்னதாக இருக்கிறது என்று சித்தப்பா மகன் சொன்னான். இருக்கட்டும். முகவரி வரிகளுக்கு முக்த மலர் ஃபான்ட், இலவச உரிமம் உள்ளது, கையெழுத்தோடு போட்டி போடாமல் ஒதுங்கி நிற்கிறது. இல்லஸ்ட்ரேட்டரில் தமிழ் உடைந்து வந்தால் ப்ரிஃபரன்ஸஸில் டைப் பகுதிக்குப் போய் இண்டிக் ஆப்ஷன்ஸைத் தேர்வு செய்துவிட்டு, பேராகிராஃப் பேனலில் தெற்காசிய கம்போஸரை எடுக்க வேண்டும். இதைத் தேடி இங்கே வருபவர்கள் இருப்பார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

எனக்கே திருப்தி இல்லாத இடம் வட்டப் படம். வாட்ஸ்அப்பில் இரண்டு எழுத்தும் புள்ளியும் சேர்ந்தால் நெரிசல். ‘ம’வையும் சிவப்புப் புள்ளியையும் மட்டும் வைத்துப் பார்க்கிறேன். இனிஷியல் போய்விடுகிறது. அப்பாவிடம் காட்டினேன், "தூரத்துல தெரியுதுல்ல, அப்புறம் என்ன" என்றார்.

கடைசியாக ஒன்று: பலகை மூலையில் கையெழுத்துக்குக் கீழே போன் நம்பர் போடுவதா, இன்ஸ்டா ஐடியா? அப்பாவின் பழைய பலகைகள் சிலவற்றில் இன்னும் லேண்ட்லைன் நம்பர் இருக்கிறது, அந்த இணைப்பைத் துண்டித்து வருடக்கணக்கு ஆகிறது.

பழைய_டிராயிங்_மாஸ்டர் எழுதியது:

நம்பர் வேண்டாம். கையெழுத்துக்குக் கீழே ஊர் பெயரைப் போடு. விருதுநகர் எங்கும் போகாது. சுவரில் எழுதும்போது புள்ளியை முதலில் வைத்துவிடாதே, இரண்டு எழுத்தும் முடிந்த பிறகு வை. ஈர நீலத்தில் சிவப்பு பட்டால் துடைக்க முடியாது.

டபுள்கலர் எழுதியது:

கார்டுக்குத் தாளின் கனம் 300 ஜிஎஸ்எம் போதும் சகோதரி, மேட் லாமினேஷன் போடுங்கள். பளபள லாமினேஷனில் தூரிகைக் கோடு காய்ந்து வரும் இடம் தெரியாமல் போய்விடும். சுற்றிலும் 3 மில்லிமீட்டர் ப்ளீட் (வெட்டும்போது போகிற ஓரம்) விட்டு பிடிஎஃப் அனுப்புங்கள். தகரத் துண்டையும் கையோடு எடுத்து வாருங்கள், நீலத்தை அதை வைத்தே ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.